யானையைக் குளிப்பாட்ட வேண்டாம், லத்தி அள்ளக் கொடுங்கள்

தாய்லாந்துக்குக் கல்விச் சுற்றுலா போகிற கல்லூரிப் பிள்ளைகளின் திட்டத்தில் இப்போதெல்லாம் "யானைகளோடு ஒரு நாள்" கட்டாயம் இருக்கிறது. பெரும்பாலும் சியாங் மாய் பக்கம், மே தேங் ஆற்றோரம் ஏதாவது ஒரு முகாம். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், போனதும் ஆளுக்கொரு சட்டை மாட்டிவிடுவார்கள், வாழைப்பழம் ஊட்டலாம், சேறு பூசலாம், ஆற்றில் இறங்கி வாளி வாளியாக யானை மேல் தண்ணீர் ஊற்றலாம். சாயங்காலத்துக்குள் போட்டோ எல்லாம் வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். சவாரி கிடையாது, பந்து உதைக்க வைப்பது கிடையாது, அதனால் இது நல்ல இடம் என்று கல்லூரிக்கும் நிம்மதி, பெற்றோருக்கும் நிம்மதி.

எனக்கு அந்த நிம்மதியில்தான் பிரச்சனை. போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை, மாணவர்களுக்குத் துணையாக நானே போய்வந்திருக்கிறேன், கூப்பிட்டால் இன்னொரு முறையும் போவேன். அந்த ஒரு நாளில் அவர்களுக்குக் கொடுக்கிற வேலைதான் தப்பு.

குளியலையே எடுத்துக்கொள்ளுங்கள். யானைக்குத் தானாகக் குளிக்கத் தெரியும், குளித்து முடித்த கையோடு மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்ளவும் தெரியும், வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் அதற்குக் காப்பு. முகாமில் காலை பேட்ச் ஒரு குளியல், மதியம் பேட்ச் ஒரு குளியல் என்று அதே யானையைத் தண்ணீரில் இறக்குவது யானைக்காக இல்லை, நமக்காக. மூன்று டன் எடையுள்ள ஒரு மிருகம், முன்பின் பார்த்திராத இருபது பேர் கத்திக்கொண்டு சுற்றி நின்று தண்ணீர் அடிக்கும்போது ஏன் அசையாமல் நிற்கிறது? நம்மேல் உள்ள பிரியத்தாலா? குட்டியாக இருந்தபோதே தாயிடமிருந்து பிரித்து, கட்டிப்போட்டு, அடித்துப் பழக்கிய பழக்கம் அது. சவாரிக்குப் பழக்கியதும் அப்படித்தான், குளியலுக்கு நிற்க வைப்பதும் அதே பயத்தை வைத்துத்தான்.

அந்தப் பயம் எல்லா நேரமும் வேலை செய்யாது. 2025 ஜனவரியில் தெற்குத் தாய்லாந்தின் கோ யாவ் தீவில் ஒரு முகாமில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி யானை தாக்கி இறந்துபோனார். வேறொரு நாட்டில் படிக்க வந்திருந்த பெண், விடுமுறைக்கு வந்த இடத்தில் இப்படி. அதற்கப்புறமும் சுற்றுலா விளம்பரங்களில் முதல் படமாக வருவது குளியல்தான்.

"அப்படியானால் எல்லா யானையையும் காட்டில் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பதில் அவ்வளவு சுலபம் இல்லை. 1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது, மொட்டையடித்த மலைகளிலிருந்து வெட்டுமரங்கள் உருண்டு வந்து ஊர்களை அடித்துக்கொண்டு போயின. அதையடுத்து 1989-இல் அரசு காட்டில் மரம் வெட்டவே தடை போட்டது. காடு பிழைத்தது, மரம் இழுத்துக்கொண்டிருந்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் வேலை போனது. பாங்காக் தெருக்களில் பாகன் கரும்புக் கட்டு விற்க, யானை தும்பிக்கை நீட்ட, அப்படிப் பல வருஷம் ஓடியது. பிறகு சுற்றுலா வந்து அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டது. இன்று 3,000-க்கும் மேற்பட்ட வளர்ப்பு யானைகள் அங்கே இருக்கின்றன, அவற்றை விடுவதற்கு அவ்வளவு காடு எங்கே இருக்கிறது? சட்டத்தைக் கேட்டால் இன்னும் வேடிக்கை, காட்டு யானைக்கு வனவிலங்குச் சட்டம், வளர்ப்பு யானைக்கு 1939-இல் போட்ட சுமைவிலங்குச் சட்டம். அதாவது எருமை மாட்டோடு ஒரே பட்டியல்.

2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது நிலைமை இன்னும் வெளிச்சமானது. டிக்கெட் காசு நின்றதும் தீவனக் காசும் நின்றது. ஒரு யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும், யார் கொடுப்பது? சியாங் மாய் முகாம்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைப் பாகன்கள் நடத்தியே மே சேம் பக்கத்து மலைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போனார்கள், அவர்களில் பலர் கரேன் என்ற மலைவாழ் இனத்தவர், அவர்களுடைய சொந்த ஊர் அது. ஆகவே "புறக்கணிப்போம்" என்று ஒரு பதிவு போட்டுவிட்டு நகர்வதும் யானைக்குச் சோறு போடாது.

சரி, பிள்ளைகள் என்னதான் செய்யலாம்? சமையல் கொட்டகைக்குப் போகலாம். நாங்கள் போன இடத்தில் வயதான யானைகளுக்கென்று தனிச் சாப்பாடு. யானைக்கு வாழ்நாளில் ஆறு செட் கடைவாய்ப் பல் வரும், கடைசி செட்டும் தேய்ந்துவிட்டால் கதை முடிந்தது, பக்கத்தில் புல் மலைபோல் கிடந்தாலும் மென்று தின்ன முடியாது. அதனால் சோற்றைக் குழைய வேகவைத்து, வாழைப்பழமும் உப்பும் கொட்டை எடுத்த புளியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிக்கிறார்கள். புளி எதற்கு என்றால் வயிறு இளக. நம் பிள்ளைகள் புளி கரைப்பதில் மட்டும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள், சோளத்தட்டை வெட்டுவதில் இல்லை.

அப்புறம் லத்தி, அதாவது யானைச் சாணம், அள்ளும் வேலை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். ஒரு பாகன் ஒரு உருண்டையைக் கையாலேயே இரண்டாகப் பிய்த்துக் காட்டினார், உள்ளே நார் விரல் நீளத்துக்கு அப்படியே இருந்தது. பக்கத்தில் இளைய யானை போட்டதைப் பிய்த்தார், நார் பொடிப்பொடியாக இருந்தது. முதலாவதற்குப் பல் போய்விட்டது என்று கன்னத்தைத் தட்டி ஜாடை காட்டினார். ஒரு வார்த்தை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரத்தில் பையன்கள் ஒவ்வொரு லத்தியாகப் பிய்த்து எது யாருடையது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யானை அந்தப் பக்கம் நூறடி தள்ளி மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது, யாரும் அதைத் தொடவில்லை.

அந்தப் பாகனிடம் பிள்ளைகள் பேச வேண்டும் என்பது என் இன்னொரு ஆசை. ஆங்கிலம் பேசும் வழிகாட்டிதான் முன்னால் நிற்பார், பாகன் யானைக்குப் பின்னால் நிற்பார், போட்டோவில்கூட வர மாட்டார். அவருக்கு என்ன சம்பளம், அவர் பிள்ளை பாகனாவானா, யானை யாருடையது, முகாமுடையதா வாடகைக்கு வந்ததா, இதையெல்லாம் கேட்காமல் என்ன கல்விச் சுற்றுலா?

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. முதுமலையின் தெப்பக்காடு, ஆனைமலையின் கோழிகமுத்தி யானை முகாம்களிலிருந்து பாகன்களும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகன்களுமாக 13 பேரை 2023-இல் தமிழக அரசு பயிற்சிக்காகத் தாய்லாந்தின் லாம்பாங் யானைப் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பியது, 50 லட்சம் ஒதுக்கி. தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழும் குறும்பருக்கும் மலசருக்கும் அங்கே என்ன கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை, நாலு இடம் பார்த்தால் நல்லதுதான். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தெப்பக்காட்டில் ராகிக் களியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்து உருட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள்?

குளியலை எடுத்துவிட்டு அந்த நேரத்தைக் கொட்டகை வேலைக்குக் கொடுங்கள் என்று நான் கேட்டபோது டிராவல்ஸ்காரர் சிரித்தார். "சார், சாணி அள்ள யாராவது காசு குடுப்பாங்களா?" ரேட்டையும் குறைக்க மாட்டேன் என்றார், அது நியாயம்தான், குளியலை எடுத்தாலும் யானை தின்பது குறையாதே. பிள்ளைகள் முழுக் காசும் கொடுத்தார்கள், அள்ளினார்கள். யானையோடு ஒட்டி நிற்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லையா என்று ஒரு அம்மா மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.