ரீசெட் செய்த போனிலிருந்து படங்களை எடுக்க முடியுமா?

"பழைய போனை விற்காதீர்கள், ரீசெட் செய்தாலும் கடைக்காரர் உங்கள் படங்களையெல்லாம் மீட்டுவிடுவார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இன்றைய போன்களுக்கு இது பொருந்தாது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், அதனுடன் அறிமுகமான போன்கள் தகவல்களை என்கிரிப்ட் செய்தே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில் மாற்றியே, சேமிக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் அதைத் திறக்கும் சாவியையே அழித்துவிடும். மிச்சம் இருந்தாலும் படிக்க முடியாது. ஐபோனிலும் அப்படித்தான்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது மெமரி கார்டைப் பற்றி. போன் ரீசெட் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. கார்டில் டெலீட் கொடுத்தால், படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகும். வேறொன்று அதே இடத்தில் பதிவாகும்வரை படம் அங்கேயே கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே அதை மீட்டுவிடும். பலர் இதைக் கவனிக்காமல் கார்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவதுதான் வருத்தம். விற்கும் முன் கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.