அஞ்சு நிமிஷத்துல தீவுன்னு சொல்லி இப்படியா ஏமாத்துவாங்க

போன வாரம் வந்ததுலேர்ந்து மனசு ஆறல, அதான் இங்க கொட்டிடறேன். மதுரைலேர்ந்து அம்மா வந்திருக்காங்க, அவங்களுக்கு அசட்டீக் தீவு குதிரைங்கள காட்டணும்னு ஆர்வி, அதாவது வீடு மாதிரி உள்ளயே தங்கற வண்டி, வாடகைக்கு எடுத்துக்கிட்டு நியூ ஜெர்சிலேர்ந்து நாலு மணி நேரம் ஓட்டிப் போனோம். ரெண்டு ராத்திரி. தீவுல இருந்த நேரத்தக் கூட்டிப் பாத்தா முக்கா மணி நேரம் கூட வராது, மிச்ச நேரமெல்லாம் மெயின்லேண்ட்ல ஒரு கேம்ப்கிரவுண்ட்ல குழாய மாட்டறதும் கழட்டறதுமாவே போச்சு.

அந்தத் தீவு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அத மொதல்ல சொல்லிடறேன். மேரிலாந்துலேர்ந்து வர்ஜீனியா வரைக்கும் 37 மைல் நீளத்துக்குக் கெடக்கற மணல் திட்டு அது, காட்டுக்குதிரைங்க பீச்சுலயே திரியும். 1950கள்ல அங்க பிளாட் போட்டு வித்து, ரோடு போட்டு, பக்கத்துல இருக்கற பீச் டவுன் ஓஷன் சிட்டி மாதிரியே இன்னொண்ணு கட்டப் பாத்தாங்க. 1962 மார்ச்ல வந்த புயல் எல்லாத்தையும் வாரிட்டுப் போச்சு, 1965ல நேஷனல் சீஷோரா, அதாவது அரசாங்கம் பாதுகாக்கற கடற்கரையா அறிவிச்சுட்டாங்க. அந்தப் பழைய தார் ரோட்டோட துண்டுங்க இன்னும் மணலுக்குள்ள கெடக்கு. அந்தப் புயல் வந்ததாலதான் தீவுல இன்னைக்கும் ஓட்டலும் ரிசார்ட்டும் இல்ல, குதிரைங்களுக்கு எடம் இருக்கு. ரொம்ப நல்ல விஷயம்.

தீவுக்குள்ளயே அந்த சீஷோரோட கேம்ப்சைட் இருக்கு. அங்க வண்டிக்குக் கரண்ட், தண்ணி மாட்டற ஹூக்கப் கெடையாது, குளிக்கப் பச்சத்தண்ணிதான், ஆனா எழுந்து நடந்தா கடல். அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே புக்கிங் தொறக்குது, காலைல 10 மணிக்கு ரெடியா உக்காந்திருக்கணும். நாங்க மே மாசம் தேடுனோம், ஜூலைல ஒரு வீக்கெண்டும் காலி இல்ல. தப்பு எங்களோடதுதான். சரின்னு மெயின்லேண்ட் பக்கம் பாத்தா, ஒரு கேம்ப்கிரவுண்டோட வெப்சைட்ல மொத படமே பீச்சுல நிக்கிற குதிரை, கீழயே தீவுக்கு அஞ்சே நிமிஷம்னு பெருசா போட்டிருந்தாங்க. ஒரு ராத்திரிக்கு 148 டாலர், அதுக்கு மேல ரிசார்ட் ஃபீ, அதுக்கும் மேல நாம கேக்கற சைட்டையே குடுக்கறதுக்கு ஒரு சார்ஜ். பக்கத்துலதானே இருக்கு, அம்மாவுக்கு வசதியா இருக்கும்னு நம்பி கட்டிட்டேன்.

அஞ்சு நிமிஷம் யாருக்கு? கார் வச்சிருக்கறவங்களுக்கு. ட்ரெய்லர இழுத்துட்டு வந்தவங்க ட்ரெய்லர சைட்ல விட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிடுவாங்க. நாங்க வந்தது 28 அடி மோட்டார்ஹோம்ல, எங்களுக்கு வீடும் அதுதான் வண்டியும் அதுதான். தீவுக்குப் போகணும்னா வீட்டையே கெளப்பணும். வண்டிச் சுவத்துலேர்ந்து வெளிய நீட்டி வச்ச ஸ்லைட் அவுட்ட உள்ள இழுக்கணும், அதுக்கு முன்னாடி அது வழில கெடக்கற சேர், செருப்பு, பையனோட பொம்மை எல்லாத்தையும் எடுக்கணும், அடுப்பு மேல இருக்கற சாம்பார் சட்டிய எங்கயாவது எறக்கி வைக்கணும், கப்போர்டெல்லாம் லாக் பண்ணணும், வெயிலுக்கு நீட்டற துணிக்கூரை ஆனிங்க சுருட்டணும், 30 ஆம்ப் கேபிள கழட்டணும், தண்ணி ஹோஸ கழட்டணும், அப்புறம் கையுறைய மாட்டிக்கிட்டு கழிவுத்தண்ணி போற அந்த சீவர் ஹோஸ், அத ஒரு தடவ கழட்டிக் கழுவி வச்சவங்களுக்குத் தெரியும் அதுக்கப்புறம் சோறு எறங்காதுன்னு. மட்டம் பாத்து வச்ச கட்டைங்க மேலேர்ந்து வண்டிய எறக்கணும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு மணி நேரம் ஆச்சு. திரும்பி வந்தா இதே வேல தலைகீழா இன்னொரு மணி நேரம்.

சனிக்கெழம காலைல இதையெல்லாம் பண்ணி முடிச்சு 611 ரோட்டுல ஏறுனா பாலத்துக்கு முன்னாடியே வண்டிங்க நிக்குது. உள்ள பார்க்கிங் ரொம்பிடுச்சு, எங்க நீள வண்டிக்கு எடம் தேடவே வழியில்ல. வண்டிய அங்க திருப்பறதுக்குள்ள வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. திரும்பி வந்து ஹோஸ், கேபிள், கட்டை, எல்லாம் மொதல்லேர்ந்து.

ஆஃபீஸ்ல போய் கேட்டேன், ஷட்டில் இருக்குன்னு போட்டிருக்கீங்களே எத்தன மணிக்குன்னு. அது ஓஷன் சிட்டிக்குப் போறதாம், தீவுக்கு இல்லையாம். அப்ப கார் இல்லாதவங்க எப்படிப் போறதுன்னா, சைக்கிள் வாடகைக்கு இருக்கு, பாலத்துக்குப் பக்கத்துலயே சைக்கிளுக்குன்னு தனிப் பாலம் இருக்குன்னு சொல்றாங்க. எங்கம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு முழங்காலும் வலி, பையனுக்கு ஆறு வயசு. கேக்கறப்பவே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஊபர்ல போகலாம்தான், ஆனா திரும்பி வர வண்டி கெடைக்கும்னு நம்பி அவங்களையும் பையனையும் பீச்சுல நிறுத்த எனக்குத் தைரியம் வரல.

அந்த சைட் எப்படி இருந்துச்சுன்னும் சொல்லிடறேன். நம்ம ஸ்லைட் அவுட்டத் தொறந்தா பக்கத்து வண்டியோட ஆனிங்குக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சுதான் போகலாம். எங்க பிக்னிக் டேபிள்லேர்ந்து நாலு எட்டுல அவங்க சீவர் ஹோஸ். அம்மா அங்க உக்காந்துதான் தட்டுல இட்லிய வச்சுக்கிட்டு முந்தானையால மூக்க மூடிக்கிட்டு சாப்பிட்டாங்க. ஒரு வார்த்த சொல்லல. பரவால்லம்மா, காத்து மாறிடும்னாங்க. 148 டாலர் வாங்கிட்டு ஒரு பெரிய மனுஷி உக்காந்து சாப்பிட எடம் குடுக்கல.

ஞாயித்துக்கெழம விடிகாலைலயே எழுந்து மறுபடி கழட்டி, எட்டரைக்கு தீவுக்குள்ள போயிட்டோம். மதியம் 2 மணிக்குள்ள நியூ ஜெர்சில வண்டிய ஒப்படைக்கணும், ஒம்பதேகாலுக்குக் கெளம்பியே ஆகணும். பீச்சுல குதிரை ஒண்ணும் இல்ல, கடிக்கற ஈதான் இருந்துச்சு. திரும்பி வர்றப்ப ரோட்டோரம் புல்லுல பழுப்பும் வெள்ளையுமா ஒரு குதிரை, பக்கத்துல குட்டி. அம்மா ஜன்னல்ல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு நிறுத்தச் சொல்லுடின்னாங்க. பின்னாடி பத்து கார், நிறுத்த எடமே இல்ல, இந்த நீளத்த எங்க ஓரங்கட்டறது. அம்மா கழுத்தத் திருப்பித் திருப்பி அது மறையற வரைக்கும் பாத்தாங்க.

புக் பண்ற பக்கத்துல ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சுடும்? தனியா கார் இல்லன்னா எங்க எடத்துலேர்ந்து தீவுக்குப் போறது கஷ்டம், எங்க ஷட்டில் தீவுக்குப் போகாதுன்னு. ஒத்த வரி. அத படிச்சிருந்தா ஆர்வியே எடுத்திருக்க மாட்டேன், காருலயே போயி ஓட்டல்ல ரூம் போட்டிருப்பேன், செலவும் கம்மியாயிருக்கும், விடிகாலைல அஞ்சு நிமிஷத்துல நெஜமாவே தீவுக்குப் போயிருப்போம். வேணும்னேதான் அத போடல. போட்டா எங்கள மாதிரி மொத தடவ வர்றவங்க யாரும் பணம் கட்ட மாட்டாங்கன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். மோட்டார்ஹோம் எடுக்கறவங்க தயவுசெஞ்சு கேம்ப்கிரவுண்டுக்கு ஃபோன் பண்ணி, கார் இல்லாம தீவுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டுட்டு அப்புறம் கார்டு நம்பர குடுங்க.

அடுத்த ஜூலைக்கு தீவுக்குள்ள சைட் புடிக்கணும்னா ஜனவரில காலைல 10 மணிக்கு உக்காரணும், உக்காருவேன். ஆனா அம்மா செப்டம்பர்லயே ஊருக்குப் போயிடுவாங்க.