வன்னியில் உளநலக் குழுவை யார் நடத்துவது?

மனநோய் உள்ளவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சமூக மட்ட உளநலக் குழுவுக்குப் பொறுப்பாளர் என்றால் அவர் வைத்தியராகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்களிடம் ஊறிப்போன எண்ணம். வன்னியைப் பொறுத்தவரை அது பிழை என்றே சொல்வேன். நோயை நிர்ணயிப்பதும் மருந்து எழுதுவதும் வைத்தியரின் வேலை, அதில் கதைக்க ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கு யார் வீட்டுக்கு யார் போவது, யாருடைய ஊசி பிந்திவிட்டது, எந்தத் தாய் மகனுக்கு மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்பதை நாளாந்தம் கொண்டு நடத்த, அந்த இடத்தில் வருடக்கணக்காக இருக்கப்போகிற ஒருவர் வேண்டும். வைத்தியருக்கு இடமாற்றம் வரும், மேற்படிப்பு வரும். புதிதாக வருபவருக்கு முள்ளியவளை எந்தப் பக்கம், மூங்கிலாறு எந்தப் பக்கம் என்று பிடிபடவே சில மாதம் போய்விடும். தமிழ் தெரியாதவர் வந்தால் நோயாளியின் அண்ணனே மொழிபெயர்ப்பாளர். அந்த அண்ணனுக்குப் பயந்துதான் அவர் வாய் திறப்பதில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அனுபவமுள்ள சமூக உளநலத் தாதி ஒருவரோ, உளநல சமூகப் பணியாளர் ஒருவரோ குழுவை நடத்தலாம். நடத்தவும் வேண்டும். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளும் "டொக்டராகாவிட்டால் கடைசிவரைக்கும் உதவியாள்தான்" என்ற எண்ணத்தை விட்டுவிட்டு வரலாம்.

1970களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் ஸ்டைன், டெஸ்ட் என்ற இருவரும் அவர்களோடு சேர்ந்தவர்களும், கடுமையான மனநோய் உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு வெளியே வைத்துப் பராமரிக்கும் குழு முறை ஒன்றை உருவாக்கினார்கள். அதன் கணக்கு பத்து நோயாளிக்கு ஒரு பணியாளர். இங்கே அது கனவிலும் நடக்காது. ஆனால் அந்த முறையில் காசு கேட்காத இரண்டு விஷயங்கள் உண்டு. காலையில் குழு முழுவதும் கூடி, தங்களிடமுள்ள எல்லோருடைய பெயரையும் ஓட்டமாகப் பார்ப்பது ஒன்று. குழுத்தலைவர் தன் நேரத்தில் பாதியையாவது நேரடியாக நோயாளிகளோடு செலவழிப்பது மற்றது. எங்கள் பக்கத்தில் பொறுப்பு கிடைத்ததும் முதலில் நிற்பது வெளிக்களம். பிறகு கூட்டம், அறிக்கை, கையெழுத்து. வீட்டுப் பக்கம் போகாத தலைவருக்கு, தாதி சொல்லும் "அவர் ஓகே" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று விளங்காது.

தலைவரின் உண்மையான ஆயுதம் ஒரு பதிவேடு. கிளினிக்குக்கு வந்தவர்களின் பதிவேடு எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. வராதவர்களின் பதிவேடுதான் இருப்பதில்லை. பெயர், கிராம சேவையாளர் பிரிவு, இறங்கும் பஸ் தரிப்பு, வீட்டுக்கு அடையாளம், இரண்டு தொலைபேசி இலக்கம் (ஒன்று எப்போதும் வேலை செய்யாது), மருந்தும் அளவும், அடுத்த ஊசித் திகதி, அடுத்த இரத்தப் பரிசோதனைத் திகதி, யார் பொறுப்பு: இவ்வளவும் ஒரே வரியில் இருக்க வேண்டும். ஊசி கிளினிக் வியாழன் என்றால், வெள்ளி பின்னேரத்துக்குள் வராதவர் பட்டியல் எழுதியாக வேண்டும். மூன்று நாளுக்குள் தொலைபேசி, ஒரு கிழமைக்குள் வீடு.

ஏன் இந்த அவசரம்? கடுமையான மனநோய்க்குப் போடும் ஃபுளுஃபெனசின் டெக்கனோவேற் போன்ற நீண்டகால ஊசி எண்ணெயில் கரைந்த மருந்து. தசைக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு இறங்கும். ஒரு தவணை தவறினால் அடுத்த நாளே குணங்குறி வராது. வாரங்கள், சிலருக்கு மாதங்கள் கூட எடுக்கும். அந்த இடைவெளியில் வீட்டில் என்ன சொல்வார்கள்? "ஊசி போடாமலே சுகமாத்தானே இருக்கிறான்." அடுத்ததையும் விடுவார்கள். நோய் திரும்பும்போது, ஊசியை விட்டதை யாரும் அதோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். செய்வினை, கண்ணூறு, ஊரில் நடந்த சண்டை என்று காரணம் வேறு பக்கம் போய்விடும்.

ஊசி போடுகிற விதத்தையும் தலைவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மருந்து எண்ணெய் என்பதால் ஊசியும் சிரிஞ்சும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். நீர் பட்டால் மருந்து கலங்கும். பிட்டத் தசைக்குள் ஆழமாகப் போட வேண்டும், போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. போனமுறை வலது என்றால் இம்முறை இடது, அதையும் கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரே பக்கத்தில் போட்டுப் போட்டு அந்த இடம் கட்டியாகிவிடும். பிறகு நோவுக்குப் பயந்தே ஆள் வராமல் விடுவார்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஊசிக்குப் பிறகு சிலருக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது. கால் ஓயாது, முற்றத்தில் மேலும் கீழும் நடப்பார், இரவில் படுக்க மாட்டார். வீட்டார் "வருத்தம் கூடிப்போச்சு" என்று கூட்டிவருவார்கள். கிளினிக்கில் சனம் முட்டி வழியும் நாளில் மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார்கள், நடை இன்னும் கூடும். அது பக்கவிளைவு என்பதைப் பிரித்தறிய ஐந்து நிமிடக் கதை போதும்: எப்போது தொடங்கியது, ஊசி போட்டு எத்தனை நாள், உள்ளுக்குள் பதற்றமா அல்லது காதில் குரல் கேட்டு நடக்கிறாரா. அந்த ஐந்து நிமிடத்தைக் குழுவுக்குத் தேடிக் கொடுப்பதுதான் தலைமை.

மற்ற மருந்துகளுக்கு மடங்காத மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபினைக் குடிப்பவர்களின் பட்டியல் தனியாக இருக்க வேண்டும். முதல் 18 வாரம் கிழமைக்கு ஒருமுறை, பிறகு ஒரு வருடம் முடியும்வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதன்பின் மாதாமாதம், மருந்தால் வெண்குருதிக் கலங்கள் குறைகின்றனவா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். துணுக்காயின் உட்கிராமத்து ஆளை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு 18 வாரம் தொடர்ந்து பஸ்ஸில் வரச் சொன்னால் ஐந்தாவது வாரத்தில் நின்றுவிடுவார். ஆய்வுகூட வசதியுள்ள கிட்டிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து, முடிவைத் தொலைபேசியில் எடுக்கும் ஒழுங்கைச் செய்ய வேண்டியது தலைவர்தான். வீட்டாருக்கும் ஒரு வசனம் பாடமாக வேண்டும்: காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோலோடு இருக்க வேண்டாம், அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் முதல் நினைப்பு டெங்கு அல்லது எலிக்காய்ச்சல். குளோசபின் குடிக்கிறார் என்று வெளிநோயாளர் பிரிவில் யாராவது சொன்னால்தான் வெண்குருதிக் கலங்களின் நினைப்பு வரும். மலச்சிக்கலையும் சின்ன விஷயமாக எடுக்கக் கூடாது. இந்த மருந்தில் அது உயிரைக் குடிக்கும். இரண்டு நாளுக்கு மேல் மருந்து விடுபட்டால் பழைய அளவில் தொடங்கவும் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும், அதுவும் வைத்தியரைக் கேட்டுத்தான்.

மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்க்குக் கொடுக்கும் லித்தியத்துக்கு எங்கள் வெயிலே எதிரி. வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் வயலில் நின்றால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். நீராகாரம் இல்லாத விரதமும், வயிற்றோட்டமும் அதைத்தான் செய்யும். நாரி நோவென்று பாமசியில் வாங்கும் டைக்ளோஃபெனாக் இன்னும் மோசம். கை நடுக்கம் கூடி, சத்தியெடுத்து, நாக்குக் குழறினால் மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரி. அளவைப் பார்க்கும் இரத்தம் கடைசி மாத்திரை குடித்து 12 மணித்தியாலத்தில் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைக் குடித்துவிட்டு வந்தவரின் இரத்தம் பொய் சொல்லும். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள பிரதேசம் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் சிறுநீரகப் பரிசோதனையை ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாது.

வயல் நாட்காட்டி தெரியாதவர் வன்னியில் கிளினிக் நடத்த முடியாது. காலபோக அறுவடை மாசி, பங்குனியில் வந்தால் வரவு விழும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கல் வரும் திங்களில் முல்லைத்தீவில் கிளினிக் வைப்பது வீண். ஊசித் திகதியை முன்கூட்டியே நகர்த்துங்கள், வராதவரை ஏசுவதில் பயனில்லை.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேராகப் போக வேண்டும். வாகனத்தைப் படலை வாசலில் நிறுத்தக் கூடாது, அயலில் "மனநோயாளியின் வீடு எது" என்று ஒருக்காலும் கேட்கக் கூடாது. மருந்து குடிக்கிறாரா என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். பையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்தால் கணக்குத் தெரியும். முழங்கையை மெல்ல மடக்கிப் பார்த்தால் மருந்தால் வந்த விறைப்புத் தெரியும். சமையலறையைப் பார்த்தால் யார் யாரைப் பராமரிக்கிறார் என்பதும் தெரியும்.

வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47. உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. ஆபத்தான கிருமிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட இறங்கியது. வடமத்திய மாகாணத்தில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. பெட்டியால் குறையவில்லை. திறப்பு வீட்டிலேயே இருந்தால் பூட்டுக்கு என்ன அர்த்தம்? ஆபத்தில் உள்ளவரின் வீட்டில் பூட்டோடு திருப்திப்படாமல், போத்தலையே வேறு வீட்டுக்கு மாற்றும்படி குடும்பத்தோடு கதைக்க வேண்டும். ஆஸ்பத்திரி விடுதியிலிருந்து வீடு போனவரை முதல் கிழமைக்குள் நேரில் பார்க்க வேண்டும். அந்தக் கிழமைதான் கூடுதல் ஆபத்து. வீட்டாரிடம் 1926 என்ற உளநல உதவி இலக்கமும், 1990 அம்புலன்ஸ் இலக்கமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வன்னிக்கே உரிய ஒன்றையும் சொல்லவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தைத் தெரியாதவர் இல்லை. அப்படிப்பட்ட ஒரு தாய் நித்திரையில்லை என்று கிளினிக்குக்கு வந்தால், "அவர் இல்லையெண்டு நினைச்சுக் காரியத்தைச் செய்யுங்கோ அம்மா" என்று சொல்லக் குழுவில் யாருக்கும் உரிமை கிடையாது. இருக்கிறாரா இல்லையா என்ற முடிவு அந்தத் தாயுடையது. எல்லாக் கண்ணீரும் மனச்சோர்வு நோயுமல்ல, எல்லாம் "சண்டையால வந்ததுதானே" என்று விட்டுவிடக் கூடியதுமல்ல. சாப்பாடு, நித்திரை, வேலை எல்லாம் குலைந்து, சாகும் எண்ணமும் இருந்தால் மருந்து வேண்டும். மற்றவருக்கு அதே நிலையில் உள்ள நாலு தாய்மாரோடு இருந்து கதைக்க ஓரிடமும், காணிப் பிரச்சினைக்குப் பிரதேச செயலகத்தில் கூடவந்து நிற்க ஓர் ஆளும் வேண்டும். நுண்கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

சம்பளக் கதைக்கு வருவோம். 2009க்குப் பிறகு வன்னியில் உளசமூகப் பணி பெருமளவு திட்டக் காசில் ஓடியது. திட்டம் முடிய ஆள் போய்விடும், அவரை நம்பி வாய் திறந்த குடும்பம் திரும்ப மூடிக்கொள்ளும். சமூக ஆதரவு உத்தியோகத்தரை ஆளணிக்குள் நிரந்தரமாக எடுக்காமல் எந்தத் தலைவரும் எதையும் சாதிக்க முடியாது. A34 வீதியில் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஐம்பது கிலோமீற்றர் அளவு, அதற்கும் உள்ளே குறுக்கு வீதிகள். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் காசு இல்லாமல் வெளிக்களக் கடமை என்று கடிதம் கொடுப்பதில் என்ன பிரயோசனம்? தலைமைப் பதவிக்கு நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைகள் சம்பளத்தைக் கேட்பதோடு நிற்காமல், எத்தனை நோயாளிக்கு எத்தனை பணியாளர், வாகனம் யாருடையது, வைத்தியர் இல்லாத நாளில் மருந்துக் கேள்விக்கு யாரை அழைப்பது, குழுவுக்கு மேற்பார்வை யார் என்பவற்றையும் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இடமாற்றம் வந்தால் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். புதியவரைக் கூட்டிக்கொண்டு, ஆகக் கூடிய ஆபத்தில் உள்ள பத்து வீட்டுக்காவது நேரில் போங்கள். "இனி இவதான் வருவா, என்னோட கதைச்சமாதிரி இவவோடயும் கதைக்கலாம்" என்று அந்த வீட்டு முற்றத்தில் வைத்துச் சொல்லுங்கள். கையளிப்புக்கு இரண்டு கிழமை தர முடியாது என்று நிர்வாகம் சொன்னால், ஒரு கிழமைக்காவது சண்டை பிடியுங்கள்.