முட்டிச் சில்லு எண்ணெய் தேய்ச்சா நிக்காது

அண்ணே, நாய்க்குட்டிக்குப் பின்னங்கால் முட்டிச் சில்லு விலகினா எண்ணெய் உருவி ரெண்டு வாரம் கட்டுப் போட்டா போதும், ஆப்பரேஷன் காசு பிடுங்குற வேலைன்னு மேலே எழுதியிருக்கீங்க. மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் ஊர்ல இதைப் படிச்சிட்டு யாராவது கட்டுப் போட்டுடுவாங்க, அதான் சொல்றேன்.

இது சுளுக்கு இல்ல. தொடை எலும்பு முனையில சில்லு ஓடுற பள்ளம் ஆழமில்லாம இருக்கும், இல்லன்னா எலும்பே வளைஞ்சிருக்கும். எண்ணெய் பள்ளத்தைத் தோண்டாது. பொமரேனியன், சிவாவா மாதிரி சின்ன ஜாதியில அதிகம். பெரும்பாலும் உள்பக்கமாத்தான் நழுவும். நல்லா ஓடிட்டிருக்கிறது திடீர்னு பின்னங்காலைத் தூக்கி நாலு எட்டு நொண்டும், காலைப் பின்னால உதறும், மறுபடி ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும். அதைப் பார்த்துத்தான் 'தானா சரியாயிடுச்சு'ன்னு நம்புறோம்!

எல்லாத்துக்கும் கத்தி வேணாம், அது உண்மை. 4 நிலை இருக்கு. 1-ல கையால தள்ளினாத்தான் விலகும், விட்டா திரும்பிடும். நொண்டலும் இல்லன்னா எடையைக் குறைச்சு கவனிச்சா போதும். 4-ல கையால தள்ளினாலும் திரும்பாது. அப்போ பள்ளத்தை ஆழமாக்கி, சில்லைக் கீழ்க்கால் எலும்போட இணைக்கிற நார் ஒட்டுற எலும்பு முனையை வெட்டி நகர்த்தி உலோகப் பின் அடிப்பாங்க. தொடை எலும்பு ரொம்ப வளைஞ்சிருந்தா அதையும் வெட்டி நிமிர்த்தி பிளேட் வைப்பாங்க. வளர்ற குட்டின்னா தள்ளிப்போடாதீங்க, வளைவு கூடிட்டே போகும். எக்ஸ்ரே எடுங்க, பெரிய கேஸுக்கு செர்டாங்ல புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கு.

வலிக்குதேன்னு வீட்டுல இருக்கிற பனடோல் (பாராசிட்டமால்), இபுப்ரோஃபென் கொடுத்துடாதீங்க. நாய்க்கு அது விஷம்.