கண்ணாடிக் கடையில் பார்த்தாச்சாம்!

"கண்ணை டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். "போன மாசம்தான் கண்ணாடிக் கடையில் பார்த்தேன், பவர் ஏறியிருக்காம்" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பவர் பார்ப்பது வேறு, கண்ணைப் பார்ப்பது வேறு! சொல்லிச் சொல்லித் தொண்டைதான் வற்றிப்போனது.

எங்கள் அம்மாவுக்கு 12 வருடமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. செந்தூலில் வீட்டுக்குப் பக்கத்துப் பேரங்காடியில் 'இலவசக் கண் பரிசோதனை' என்று பலகை வைத்தால் போதும், வருடா வருடம் ஆஜர். தாடையை மெஷினில் வை, பலூன் தெரியுதா, இந்த எழுத்து தெளிவா அந்த எழுத்து தெளிவா, முடிந்தது. அப்புறம் அரை மணி நேரம் பிரேம் தேர்வு. கூட்டிப்போனது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இனிப்பு நீர் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால், கண்ணுக்குப் பின்னால் விழித்திரையில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும். வலிக்காது. ஆரம்பத்தில் பார்வையும் மங்காது. அதனால்தான் வருடம் ஒரு முறை பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதிலும் முன்வரிசை நம் இந்தியர்கள்தான். வீட்டுக்கு ஒரு ஆளாவது இருக்கிறார், எண்ணிப் பாருங்கள்.

இதில் என் வயிறு எரிந்த இடம் ஒன்று உண்டு. அரசாங்க கிளினிக்கில் அம்மாவுக்கு இரண்டு தடவை கண் படம் எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். சீட்டு இரண்டும் சாமி மேடை டிராயரில், கற்பூர டப்பாவுக்கு அடியில்! கேட்டால், "அதான் கண்ணாடிக் கடையில் பார்த்தாச்சேம்மா, எதுக்கு இன்னொரு தடவை?"

கடைசியில் எழுத்துகள் வளைந்து தெரிய ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருப்பு கொடுமைதான், மறைக்கவில்லை. காலை ஏழரைக்கு நம்பர் எடுத்து, வெளியே வந்தபோது மணி ஒன்றரை. பாவை விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு விட்டு, வாசல் வெயில் பட்டதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் நிபுணரைப் பார்க்க நமக்குக் கட்டணம் 5 வெள்ளி. 5 வெள்ளிக்கு இன்றைக்குக் கோழியோடு நாசி லெமாக் கிடைக்குமா? கடையில் பிரேமுக்கு மட்டும் முந்நூறு கொடுத்தோம், முணுமுணுக்காமல்.

இடது கண்ணில் கசிவு, லேசர் வேண்டும் என்றார்கள். செய்தி பரவியதுதான் தாமதம், சொந்தபந்தமெல்லாம் கண் டாக்டர் ஆகிவிட்டது. "லேசரா? சுட்டுப்புடுவாங்கடி! நம்ம சம்பந்திக்கு லேசர் வச்ச பிறகுதான் பார்வையே போச்சு" என்றார் பெரியம்மா. அந்தச் சம்பந்தி பாதிப் பார்வை போன பிறகுதான் டாக்டரிடமே போனார் என்பதை யாரும் சொல்வதில்லை. லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். போனதைத் திருப்பிக் கொடுக்க அது என்ன மந்திரமா? அத்தை தன் பங்குக்குக் கண்ணில் தேன் விடும் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதற்குப் பதினோரு கைகூப்பல்கள்.

சரி, அம்மா கதையைப் பார்த்தாவது திருந்துவார்கள் என்று நினைத்தேன். மாமாவுக்கு 15 வருடமாக இனிப்பு நீர், ஓட்டுவது லோரி. கெஞ்சிக் கூத்தாடி வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கிக் கொடுத்தேன். நேற்று ராத்திரி போன் வருகிறது.

"ஏம்மா, அந்த மருந்து விட்டா அன்னைக்கு வண்டி ஓட்ட முடியாதாமே? எனக்கு நல்லாத்தானே தெரியுது. தீபாவளி முடியட்டும், பார்ப்போம்."