நெறி கட்டினால் என்ன பற்று போடலாம்?

தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு மூலிகை சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். தொண்டை வலியோடு வந்த நெறி அது. கோலிக்குண்டு அளவு இருக்கும். விரல் வைத்தால் நழுவும், அழுத்தினால் வலிக்கும். மஞ்சள் பற்று போட்டேன். பத்து நாளில் வற்றிவிட்டது. மஞ்சளால்தான் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நெறி என்பது நிணநீர்க் கணு. உடம்பில் சுமார் 600 இருக்கின்றன. பக்கத்தில் தொற்று வந்தால் அதோடு போராடி வீங்கும். தொற்று அடங்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வற்றும். அந்த நாட்களில் எதைத் தடவினாலும் நல்ல பெயர் அதற்குத்தான்.

ஐரோப்பாவில் ஒரு செடி உண்டு. அதன் கிழங்கு வீங்கிய நெறிபோல முடிச்சு முடிச்சாக இருக்கும். அதனாலேயே அது கண்டமாலைக்கு, அதாவது கழுத்து நெறிகள் வீங்கும் நோய்க்கு, மருந்து என்று முடிவுகட்டி, அந்த நோயின் பெயரான ஸ்க்ரோஃபுலாவை ஒட்டி ஸ்க்ரோஃபுலேரியா என்று செடிக்கும் பெயர் வைத்தார்கள். அரசர் கை பட்டால் குணமாகும் என்றும் நம்பினார்கள். பின்னாளில் ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனை, 1712இல் குழந்தையாக இருந்தபோது பிரிட்டன் ராணி ஆன் தொட்டார். குணமாகவில்லை, தழும்பு கடைசிவரை இருந்தது. கண்டமாலை பெரும்பாலும் காசநோய். அந்தக் கிருமியை 1882இல் ராபர்ட் கோக் கண்டுபிடித்தார். இன்று அதற்கு வழக்கமாக ஆறு மாத மாத்திரை.

சரி, மூலிகையில் ஒன்றுமே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஆயுர்வேதத்தில் இதற்குத் தரும் மந்தாரைப் பட்டைக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணம் இருப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் நெறி கட்டியவர்களிடம் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்த உறுதியான ஆதாரம் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை உடம்பு மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சுகிறது. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டி, தோல் வெந்து கொப்புளம் போட்டவர்கள் உண்டு. வட அமெரிக்காவில் இதற்கே பேர்போன போக் என்ற செடியின் வேர் நஞ்சு; வாந்தியில் ஆளைப் படுக்கவைத்துவிடும்.

பற்று போடுவதைவிட, பற்று போட்டுவிட்டோம் என்று காத்திருப்பதுதான் எனக்குப் பயம். மூன்று நான்கு வாரமாகியும் வற்றாத நெறி, வலியே இல்லாமல் கல் மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் நெறி, கூடவே காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது என்றால், ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். காசநோயா, புற்றுநோயா என்று எந்தக் கஷாயமும் சொல்லாது. கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி தட்டுப்பட்டால் நாள் கணக்குப் பார்க்காதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.