நூறு வாட் வேண்டாம்: கிட்டாருக்கு ட்யூப் ஆம்ப் வாங்கப்போகிறவர்களுக்கு

"ட்யூப் ஆம்ப் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், மேடைக்கும் வேண்டும், ரெக்கார்டிங்குக்கும் வேண்டும், எத்தனை வாட் எடுக்கட்டும்?" இந்தக் கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டேன். அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். (ட்யூப் ஆம்ப் என்றால், எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கண்ணாடி வால்வுகளால் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்.) கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஆம்ப்தான் வாங்க முடியும் என்றால் 15 வாட்டிலிருந்து 22 வாட்டுக்குள், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள காம்போவாக (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) எடுங்கள். டிரம்ஸ் பக்கத்தில் வாசிக்கும்போதும் அதன் ஒலி உடையாமல், அதாவது கரகரக்காமல், க்ளீனாக இருக்க வேண்டும். கெயின், அதாவது அந்த உடைசல், வேண்டும்போது காலால் அழுத்தும் பெடலில் எடுத்துக்கொள்ளலாம். இதுதான் என் பதில். பல வருடம் தவறான ஆம்பைச் சுமந்த பிறகு வந்த முடிவு இது.

நான் முதலில் வாங்கியது 100 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), அதன் கீழே நான்கு ஸ்பீக்கர் உள்ள கேபினெட். ஆசைப்பட்டு வாங்கியதுதான். ஆனால் நான்கு வருடத்தில் ஒருமுறைகூட வால்யூம் 2-ஐத் தாண்டவில்லை. ஒவ்வொரு சவுண்ட் செக்கிலும் மிக்ஸரில் இருப்பவர் "மேடைச் சத்தத்தைக் குறையுங்கள், பாட்டே கேட்கவில்லை" என்பார், நானும் குறைப்பேன், குறைத்ததும் டோன் மெலிந்து எலும்பும் தோலுமாகிவிடும். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூப்கள் கொஞ்சமாவது உழைத்தால்தான் அந்தத் திரட்சி வரும், விரலின் அழுத்தத்துக்கு ஒலி வளைந்து கொடுக்கும். நாம் காசு கொடுத்து வாங்குவதே அதற்குத்தான். அதையே நான் நான்கு வருடம் கேட்கவில்லை.

ஆம்ப் மேல் குற்றமில்லை, அது வேறு தேவைக்காகப் பிறந்தது. 1950-களின் கடைசியிலும் 1960-களிலும் மேடையில் இருந்த பிஏ சிஸ்டம் (அரங்கத்துக்கான ஒலிபெருக்கி) பாடகரின் குரலுக்கே போதாது. கிட்டார் ஒலியை அரங்கின் கடைசி வரிசைவரை ஆம்ப்தான் கொண்டுபோக வேண்டும். வாக்ஸ் கம்பெனியின் 15 வாட் ஏசி15 போதாமல் 30 வாட் ஏசி30 வந்ததும், 1965-இல் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்ததும் அந்தத் தேவையால்தான். இன்று ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்துவிடுகிறார்கள், அரங்கை நிரப்புவது பிஏவின் வேலை. உங்கள் ஆம்ப் நிரப்ப வேண்டியது உங்களையும் பக்கத்தில் நிற்கிறவர்களையும் மட்டும்தான்.

சரி, வாட் கணக்குக்கு வருகிறேன். 100 வாட் என்பது 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் இல்லை. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு "லேசாகக் கூடியிருக்கிறது" என்று தோன்றும் அளவு, அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கு என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். இந்தக் கணக்கில் 100 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தம், பத்து மடங்கு அல்ல. ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் 85 வாட், டீலக்ஸ் ரிவர்ப் 22 வாட். இரண்டுக்கும் வாட்டால் வரும் வித்தியாசம் 6 டெசிபலுக்குள்தான். ஆனால் எடையில் ட்வின் 29 கிலோ, டீலக்ஸ் 19 கிலோ. வாசித்து முடித்து நள்ளிரவில் படியேறும்போது அந்த 10 கிலோ என்னவென்று தெரியும்.

வாட்டைப் பார்க்கிற கண்ணால் ஸ்பீக்கரை யாரும் பார்ப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் உண்டு, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்று சொல்வது. 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கிய அதே பலன். செலஸ்டியன் க்ரீன்பேக் 98, அதே கம்பெனியின் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் 100. டோனும் வேறாகும்: முதலாவது மென்மையாக உடையும், இரண்டாவது நடு அலைவரிசையை முன்னால் தள்ளி இசைக்குழுவுக்குள் வழி பிளந்துகொண்டு வரும். 15 வாட் ஆம்ப் போதவில்லை என்று விற்கப் பார்க்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உள்ளே என்ன ஸ்பீக்கர்?" பல பேர் பார்த்ததே இல்லை.

அப்புறம் ஹெட்ரூம். எவ்வளவு வால்யூம்வரை ஒலி உடையாமல் க்ளீனாக நிற்கிறது என்பதுதான் அது. இசைக்குழுவில் வாசிக்கிறவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான், வாட் எண்ணைவிட இது முக்கியம். 5 வாட் ஆம்ப் வீட்டில் பிரமாதமாக ஒலிக்கும். டிரம்மர் ஸ்னேரில் ஒரு அடி போட்டதும் அதன் க்ளீன் டோன் காணாமல் போகும். 6வி6 என்ற வகை பவர் ட்யூப் இரண்டு உள்ள ஆம்ப்கள், உதாரணமாக 1963-இல் வந்து இன்றும் விற்கும் டீலக்ஸ் ரிவர்ப் மாதிரி, ஒரு நடுத்தர மேடைக்குத் தேவையான க்ளீனைக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் திருகினால் அழகாக உடையும். ஈஎல்84 என்ற பவர் ட்யூப் உள்ள ஏசி15 வகை ஆம்ப்கள் இன்னும் சீக்கிரம் உடையும், மேல் சுருதிகளில் ஒரு மினுமினுப்பு இருக்கும், கார்டு வாசித்தால் மணி அடித்தது போல் கேட்கும். எனக்கு இரண்டும் பிடிக்கும். நிறைய பெடல் வைத்திருப்பவர்களுக்கு முதலாவதையும், கிட்டாரின் வால்யூம் குமிழை வைத்தே க்ளீனுக்கும் உடைசலுக்கும் மாறி வாசிப்பவர்களுக்கு இரண்டாவதையும் சொல்வேன். மெட்டல் வாசிப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. தாழ்ந்த சுருதியில் இறுக்கமான ரிஃப் வேண்டுமானால் உங்களுக்கு 50 வாட்டும் மூடிய கேபினெட்டும் தேவைதான், அதில் வாதமில்லை.

ரெக்கார்டிங் என்றதும் பெரிய ஒலிக்குப் பெரிய ஆம்ப் என்று நினைக்கிறோம். மைக்குக்கு அறையின் அளவும் தெரியாது, ஆம்பின் அளவும் தெரியாது, ஸ்பீக்கரின் முன்னால் அசையும் காற்றைத்தான் அது கேட்கிறது. முழுமூச்சாக உழைக்கும் 5 வாட் ஆம்ப், பதிவில் மலை போல் ஒலிக்கும். ஒரு எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் முன்னால் இருக்கும் துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கோனின் நடுவில் வைத்தால் ஒலி கூர்மை, ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த இருட்டு. ட்ரெபிள் குமிழைத் தொடுவதற்கு முன் மைக்கை ஒரு விரல் அகலம் நகர்த்திப் பாருங்கள். மேடையில் வைக்கும் கெயினைவிடக் குறைத்தே பதியுங்கள். இரண்டு மூன்று ட்ராக் அடுக்கும்போது உடைசலும் சேர்ந்து அடுக்கும், கடைசியில் கார்டு எது இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது.

வீட்டில் அந்த வால்யூமுக்கு இடமில்லை என்றால் லோட் பாக்ஸ் வாங்கலாம். ஸ்பீக்கருக்குப் பதிலாக அது ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும், ஒலியை நேராகக் கணினிக்கு எடுக்கலாம். ரியாக்டிவ் வகையாகப் பாருங்கள், உண்மையான ஸ்பீக்கர் போல ஆம்போடு அது பேசும், வெறும் ரெசிஸ்டர் உள்ளவற்றில் தொடும் உணர்வு செத்துப்போகும். பவர் ட்யூப்கள் அப்போதும் முழு வேலை செய்கின்றன, தேய்மானம் அப்படியே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடையில் பார்க்கும்போது உங்கள் கிட்டாரையும் உங்கள் பெடலையும் கொண்டுபோங்கள். ஆம்பை ஒட்டி நின்று கேட்காதீர்கள், ஒலி முழங்காலுக்குத்தான் போகும், உங்கள் முழங்காலுக்குக் காது கிடையாது. மூன்று மீட்டர் தள்ளி, ஸ்பீக்கரின் நேர்கோட்டில் காது வருகிற மாதிரி நின்று கேளுங்கள். ட்ரெபிள் ஈட்டி மாதிரி வரும் இடம் அதுதான், முன்வரிசையில் இருப்பவர்கள் கேட்பதும் அதைத்தான். வால்யூமை 5-க்கு மேல் திருப்பச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். பழைய ஆம்ப் என்றால் ப்ரீஆம்ப் ட்யூப்களை (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன ட்யூப்கள்) பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், ஸ்பீக்கரில் கணீரென்று மணிச் சத்தம் கேட்டால் அந்த ட்யூப் மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வை மைக் போல வாங்குகிறது, மாற்ற வேண்டும். அது சின்னச் செலவு, அதற்காக நல்ல ஆம்பை விட்டுவிடாதீர்கள். சேசிஸை (ஆம்பின் மின்சுற்று இருக்கும் உலோகப் பெட்டி) மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், உயிர் போகும்.

மேடைக்குப் போகும் பையில் ஒரு 12ஏஎக்ஸ்7 (ப்ரீஆம்ப் ட்யூப்), ஒரே அளவில் இயங்கும்படி பொருத்தி எடுத்த பவர் ட்யூப் ஜோடி ஒன்று, சரியான அளவு ஃப்யூஸ் இரண்டு, ஒரு டார்ச். அதோடு ஒரு நிஜமான ஸ்பீக்கர் கேபிள். கிட்டார் கேபிளும் அதே ஜாக்கில் பொருந்தும், பார்க்க ஒன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. ஒருமுறை எனக்குத் தெரிந்த ஒருவர் அவசரத்தில் மாற்றிச் செருகிவிட்டார், பாட்டின் நடுவில் கேபிள் உள்ளேயே அறுந்தது. ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் ட்யூப் ஆம்ப் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அன்றைக்கு அதுதான் நடந்தது. ஆம்பில் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று அது. நான் என் ஸ்பீக்கர் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.